கடைமடையும் எல்லைக்கோடும்

காரைக்காலைப் பற்றி யார் எழுதினாலும் காவிரி, நெல், பசுமை என்றுதான் ஆரம்பிப்பார்கள். தவறில்லை. ஆனால் பழைய இம்பீரியல் கெசட்டியரைப் புரட்டினால் அந்தப் பசுமைக்குள் ஒட்டாத ஒரு கணக்கு கிடைக்கும். 1883-இல் பிரெஞ்சுக் காரைக்காலின் ஜனத்தொகை 93,055. 1891-இல் அது 70,526 ஆகிறது. 1901-இல் 56,595.

பதினெட்டு வருஷத்தில் 36,000 பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். பத்துப் பேர் இருந்த தெருவில் ஆறு பேர்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1878-லேயே முடிந்துவிட்டதால் பழியை அதன் மேல் போட முடியாது. பஞ்சத்துக்குப் பிழைக்க வந்து, கப்பலுக்குக் காத்துக் கிடந்தவர்களும் 1883 கணக்கில் சேர்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் குறைவு பெரிய குறைவுதான். இத்தனை பேர் போன பிறகும் சதுர மைலுக்கு 1,068 பேர் இருந்தார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் கும்பகோணம் தாலுகா ஒன்றில்தான் இதைவிட நெருக்கம்.

பொன் விளைகிற பூமியிலிருந்து ஏன் இத்தனை பேர் கிளம்பிப் போனார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம் ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்பது ஓரளவு பிடிபடுகிறது. நெல் சோறு போட்டது. கையில் காசு புரண்டதற்கு இரண்டு காரணங்கள்: ஒன்று கடல் தாண்டிப் போனவர்கள், இன்னொன்று ஊரைச் சுற்றிப் போட்டிருந்த எல்லைக்கோடு.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். காரைக்காலுக்கு ஏழு ஆறுகள் என்று அதே கெசட்டியர் எண்ணிச் சொல்கிறது: நண்டலாறு, நாட்டாறு, அரசலாறு, திருமலைராஜன் ஆறு, முடிகொண்டான் ஆறு, வாஞ்சியாறு, நூலாறு. வெளியூர்க்காரர் கேட்டால் மலைத்துப் போவார். ஏழும் காவிரியின் விரல் நுனிகள் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அரசலாறு ஊருக்குள் அவ்வளவு அகலமாகத் தெரிவதற்குக் காரணம் கடல்நீர் ஏறி நிற்பது. அதில் நாற்றங்கால் விட முடியாது.

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி மதகைத் திறந்தால் பேப்பரில் படம் வரும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறாறாகப் பிரிந்து, வழியில் உள்ள ஒவ்வொரு மதகுக்கும் கப்பம் கட்டிவிட்டுத் திருநள்ளாற்றுக்கும் நெடுங்காட்டுக்கும் வரும்போது சில வருஷம் ஆடி பிறந்திருக்கும், சில வருஷம் ஆடியே முடிந்திருக்கும். குறுவைக்குப் பருவம் போய்விடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது மேலே இருக்கிற வயலெல்லாம் வடிகிற வெள்ளமும் நம் தலையில்தான் இறங்கும். வேண்டும்போது கடைசி ஆளாக வாங்கி, வேண்டாதபோது எல்லார் தண்ணீரையும் சுமப்பதுதான் கடைமடை. போர் போடலாம் என்றால் கடற்கரை ஓரம், திருமலைராயன்பட்டினம் பக்கமெல்லாம் பல இடங்களில் உப்பு ஏறிய தண்ணீர்.

இதில் அரசியலும் சேர்ந்தது. 1924-இல் காவிரிக்காக மதராஸும் மைசூரும் ஒப்பந்தம் போட்டபோது பிரெஞ்சுக் காரைக்கால் அதில் ஒரு தரப்பே இல்லை. நடுவர் மன்றம் 1991-இல் கொடுத்த இடைக்காலத் தீர்ப்பில்தான், தமிழ்நாட்டுக்கு வரும் 205 டி.எம்.சி.யிலிருந்து காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. என்று எழுத்தில் வந்தது. 2007 இறுதித் தீர்ப்பில் 7 ஆயிற்று. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த 7-இல் கைவைக்கவில்லை. காகிதத்தில் 7 இருக்கிறது. அது எந்தத் தேதியில் வருகிறது என்பதுதான் விவசாயியின் கவலை. பயிருக்கு டி.எம்.சி. தெரியாது, தேதிதான் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கடைமடையைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புதுச்சேரி செம்மண் மேடு, ஊரைச் சுற்றிப் பெரிய நெல் வயல் இல்லை. கவர்னர் துய்மாவுக்குச் சோற்றுக்கு ஓர் இடமும், ஏற்றுமதிக்குத் துணி நெய்கிற ஊர்களும் தேவைப்பட்டன. தஞ்சாவூர் மராட்டிய அரசர் சாகுஜி பட்டத்துக்கு வந்த சமயம், வாரிசுச் சண்டை, பணமுடை. காரைக்காலைத் தருகிறேன் என்றார், பிறகு இழுத்தடித்தார். கடைசியில் சந்தா சாகிப் ஆள் அனுப்பிக் கோட்டையைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சாகுஜிக்குப் பிறகு வந்த பிரதாப சிங் இன்னும் சில கிராமங்களைச் சேர்த்துக் கொடுத்தார். பிறகு ஆங்கிலேயர் பிடிப்பதும், ஐரோப்பாவில் சமாதானம் ஆனதும் திருப்பிக் கொடுப்பதுமாக 1817 வரை ஓடியது.

திருப்பிக் கொடுத்தார்களே தவிர, சும்மா கொடுக்கவில்லை. 1815 ஒப்பந்தத்தில் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வியாபாரத்தைத் தங்கள் பிடிக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் அபினி விவகாரத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் போனது. உப்பளத்தில் வேலை பார்த்தவர்களின் பிழைப்பை இரண்டு ராஜாங்கங்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டன. கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பை வெளியே வாங்க வேண்டிய நிலை.

மிஞ்சியது நெல். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இங்கிருந்து அரிசி இலங்கைக்குப் போயிற்று. பினாங்கு, சிங்கப்பூருக்கும் கொஞ்சம் போனது. மூட்டையைப் படகில் ஏற்றி, ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். துறைமுகம் என்று பெயரே தவிர அது திறந்த கடல்தான். கவனியுங்கள், பிரான்ஸ் நாட்டோடு காரைக்காலுக்கு நேர் வியாபாரம் என்று எதுவும் கிடையாது. கொடி பிரெஞ்சுக் கொடி, வியாபாரம் கொழும்போடு.

அரிசி மூட்டை போன அதே வழியில் ஆட்களும் போனார்கள்.

இந்த ஊரின் பழைய கதையே அப்படிப்பட்டதுதான். காரைக்கால் அம்மையார் கதையில் பக்தியை மட்டும் பார்க்கிறோம். பெரியபுராணத்தை வேறு கண்ணோடு படித்தால் அது ஒரு துறைமுக ஊரின் குடும்பக் கதை. தகப்பனார் தனதத்தன் வணிகர். மாப்பிள்ளை பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. மாங்கனி அதிசயத்தைப் பார்த்து மிரண்ட பரமதத்தன் என்ன செய்தான்? வியாபாரத்துக்குப் போகிறேன் என்று கப்பல் ஏறினான், திரும்பி வரவில்லை. பாண்டிய நாட்டில் இன்னொரு குடும்பம் அமைத்து, பெண் குழந்தைக்கு மட்டும் புனிதவதி என்று பேர் வைத்தான். ஆனி மாதப் பௌர்ணமியில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கும்போது, வீட்டுக்காரர் கப்பலேறிப் போய்த் திரும்பாத எத்தனையோ பெண்கள் கீழே நின்று பழம் பிடித்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ரெயூனியன் தீவுக்கு இங்கிருந்து ஆள் போவது முன்பே தொடங்கியிருந்தது. இப்போது அட்லாண்டிக்குக்கு அப்பாலும் போனார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் நம்மவர்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், குவாதலூப்பில் போய் நின்றது. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கப்பல்கள் போயின. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் அதில் மிகப் பெரும் பங்கு. ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்பக் கப்பல் உண்டு என்று எழுத்தில் இருந்தது. திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்.

இங்கேதான் எல்லைக்கோடு வேலை செய்கிறது. ஆரம்பத்தில் ஆங்கிலேயப் பகுதியில் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் பிடிக்க அனுமதி கிடையாது. ஆகவே தரகர்கள் மாயவரம், திருவாரூர்ப் பக்கத்து ஆட்களைப் பேசி, நண்டலாற்றைத் தாண்டி அழைத்து வந்துவிடுவார்கள். ஆற்றைத் தாண்டினால் வேறு சட்டம். 1861-இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு வழி நேராயிற்று, காரைக்காலில் கப்பலேறுகிறவர்களை விசாரிக்க ஆங்கிலேய ஏஜெண்டு ஒருவர் உட்கார்ந்தார். கொடுமைகள் வெளியே தெரிந்ததும் ரெயூனியனுக்கு 1882-லும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1888-லும் அவர்களே நிறுத்தினார்கள். முதலில் சொன்ன ஜனத்தொகைச் சரிவை இந்தத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். ஆள் ஏற்றும் வியாபாரம் நின்றதும் அதை நம்பிக் கூடியிருந்த கூட்டமும் கலைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம் சிலோன், பர்மா, மலேயா என்று வேறு கதவுகள் திறந்திருந்தன.

யார் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர் யாரும் கரும்பு வெட்டக் கப்பலேறவில்லை. ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி என்று கணக்குப் பேசும் ஊரில், ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாத பண்ணையாட்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கப்பல் ஆபத்தாகவும் இருந்தது, ஒரே வாசலாகவும் இருந்தது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அந்த வழிபாட்டிலேயே 'நாகூர் மீரா' என்று ஒரு பேரும் வருகிறது. கடலில் காப்பாற்றியவர் என்று அவருக்குக் கொடி ஏற்றுகிறார்கள். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர் தர்கா. சாதி மதம் பார்க்காமல் கப்பல் தளத்தில் எல்லோரும் கூப்பிட்ட பேர் அது. தமிழ் மறந்து போன பிறகும் அந்தப் பேர் மறக்கவில்லை.

இன்னொரு வகைப் பயணம் சைகோனுக்கு. 1860-களில் பிரெஞ்சுக்காரர் கொச்சின் சீனாவைப் பிடித்ததும், பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா, போலீஸ்காரர், வரி வசூலிப்பவர் தேவைப்பட்டார்கள். 1881-இல் வந்த ஆணைப்படி சொந்தச் சட்ட முறையை விட்டுக்கொடுத்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேலை சுலபமாகக் கிடைத்தது. நம் மரைக்காயர் வீட்டார் ஜவுளிக் கடை போட்டார்கள். கடல் தாண்டிச் சம்பாதிப்பவரை இங்கே சபுராளி என்பார்கள். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை சபுராளியா என்று கேட்பது சாதாரணம். சைகோன் நடுநகரில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும், நம்மவர்கள் வைத்த மாரியம்மன் கோயிலும் இன்னும் இருக்கின்றன. பட்டாளத்துக்குப் போனவரை சொல்தா என்றோம். சின்ன வயதில் எங்கள் தெருவில் மாதம் பிறந்தால் செலவுக்குத் திண்டாடாத வீடுகள் இரண்டு. ஒன்று சொல்தா வீடு, இன்னொன்று சபுராளி வீடு. பத்து மா நிலம் இருந்த வீட்டில் அறுவடை வரை கைமாற்றுதான். 1975-இல் சைகோன் விழுந்தபோது அந்தச் சபுராளிக் கடைகளும் போயின. பின்னால் வளைகுடா நாடுகள் அந்த இடத்தைப் பிடித்தன.

ரயிலைப் பற்றி இரண்டு வரி. 1898-இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்குப் பாதை வந்தது, சுமார் 23 கிலோமீட்டர். அரிசிக்கும் ஆளுக்கும் அது பெரிய வசதி. 1980-களின் பிற்பகுதியில் ஆளில்லை என்று நிறுத்தினார்கள். 2011-இல் நாகூர் வழியாக மறுபடி ரயில் வரும்வரை ஒரு தலைமுறை ரயில் சத்தமே இல்லாமல் வளர்ந்தது.

எல்லைக்கு வருகிறேன். சுமார் 160 சதுர கிலோமீட்டர் ஊருக்கு மூன்று பக்கமும் அந்நிய நாடு என்றால் என்ன ஆகும்? இரண்டு பக்கத்து விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தொழிலாகும். 1941-இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் செய்து அந்த வித்தியாசத்தை மூடிவைத்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் அது முடிவுக்கு வந்ததும் சாவடிகள் முளைத்தன. தங்கம், வைரம், கைக்கடிகாரம் என்று இறங்கிய சரக்கு எல்லாம் காரைக்கால்காரர் கட்டிக்கொள்ளவா? வரப்புக்கு வரப்பு எல்லை மாறும் இடத்தில் எந்தச் சாவடியும் எதையும் தடுக்க முடியாது. நெடுங்காடு, அம்பகரத்தூர்ப் பக்கம் வீடு இந்த நாட்டிலும் வயல் அந்த நாட்டிலும் இருந்த குடும்பங்கள் உண்டு. அறுத்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

அதற்குச் சற்று முன்பு, 1948-இல், மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. காரைக்காலில் கிடையாது. அன்று திறந்த வாசல் இன்றுவரை மூடவில்லை. 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழு இணைப்பு 1962-இல், யூனியன் பிரதேசம் 1963-இல். நாட்டு எல்லை போனது, வரி எல்லை நின்றுவிட்டது. 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரியில் போடும் வரிதான் நமக்கும். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், இரண்டு வாசலிலும் சாராயக்கடை வரிசை. பெட்ரோலுக்கு அங்கிருந்து இங்கே வருகிறார்கள். ஒரு காலத்தில் டி.வி., பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் எல்லாம் இங்கே வாங்கினால் லாபம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கடைகள் களையிழந்தன. ஜி.எஸ்.டி.க்குள் வராத மதுவும் பெட்ரோலும் மட்டும் தப்பின.

எனக்கு இதில் பெருமை கிடையாது. அரசாங்கக் கஜானாவுக்குச் சாராயம் பெரிய வரவு என்பார்கள். எங்கள் கிராமங்களில் நாற்பது வயதுக்குள் தாலி இழந்த பெண்களை எண்ணி அந்த வரவோடு சேர்த்து எழுதினால் கணக்கு சரியாக இருக்கும். வெளியூர்க்காரர் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். இங்கேயே இருப்பவன் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் கூலி வாங்கி வீட்டுக்கு வரவேண்டும்.

கடல் பிழைப்பு இந்த இரண்டிலும் சேராது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் என்று கரையோரம் வரிசையாக உள்ள ஊர்களில் பஞ்சாயத்தார் சொல்தான் சட்டம். கட்டுமரம் போய் விசைப்படகும் ஃபைபர் படகும் வந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி காரைக்கால் பகுதியில் ஏறத்தாழ ஐந்நூறு உயிர்களை வாரிக்கொண்டு போனது. அதில் குழந்தைகளும் பெண்களும் எத்தனை என்று அந்த ஊர்களில் யாரும் இன்றும் நிதானமாகப் பேச மாட்டார்கள். இப்போது அவர்களுக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது, கடலுக்குள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஆள் திரும்புகிறார், படகு திரும்புவதில்லை. சுருக்குமடி வலை வேண்டும், வேண்டாம் என்று ஊருக்கு ஊர் சண்டை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். நிரவியில் ஓ.என்.ஜி.சி. அலுவலகம் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். கீழவாஞ்சூரில் 2009-இல் தனியார் துறைமுகம் வந்தது. கடனில் மூழ்கிய அதை 2023-இல் அதானி வாங்கினார். அரிசி ஏற்றிய கரையில் இப்போது நிலக்கரி இறங்குகிறது. கரித்தூள் பறக்கிறது என்று நாகூர்க்காரர்கள் புகார் சொல்கிறார்கள். திருநள்ளாற்றில் இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் கூட்டம், நளதீர்த்தத்தைச் சுற்றி லாட்ஜ் மேல் லாட்ஜ். அங்கே ஒரு மா நிலத்தில் மூன்று போகம் விளைவித்தாலும் ஒரு லாட்ஜ் அறையின் வாடகைக்கு ஈடாகாது. ஆகவே வயல் மனையாகிறது. யாரைக் குற்றம் சொல்வது?

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்து ஜனத்தொகை 2,00,222. 1901-இல் இருந்ததைப் போல மூன்றரை மடங்கு. விவசாயக் கல்லூரி 1987 முதல் இருக்கிறது, அங்கே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் பாங்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பா மட்டும் நடுகிறவர்கள் தரிசில் உளுந்து, பயறு தெளிக்கிறார்கள், கோடையில் பருத்தி போடுகிறார்கள். குறுவை போடுவது போர் வைத்திருப்பவர்தான். இந்தத் தடவையும் மேட்டூர் திறந்த செய்தி வந்த அன்றே நெடுங்காட்டு நண்பரிடம் போனில் கேட்டேன், நாற்றங்கால் விட்டாச்சா என்று. "தண்ணி முதல்ல பேரளம் தாண்டட்டுங்க" என்றார்.